கலைந்துபோன கலையின் போட்டோவை எப்படிப் பார்ப்பது?

காட்டுத் தரையில் இலைகளை நிறம்வாரியாகப் பிரித்து வட்டமாக அடுக்கிய படம், ஆற்றங்கரையில் கூழாங்கற்களைச் சுருளாக வைத்த படம், பனியின் மேல் யாரோ நடந்தே வரைந்த பெரிய நட்சத்திரத்தின் படம். இதில் ஏதாவது ஒன்று எப்படியும் உங்கள் போனுக்கு வந்திருக்கும். பார்ப்போம், "செமயா இருக்கே" என்போம், ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். அதில் தப்பொன்றும் இல்லை. சிக்கல் எப்போது வருகிறது என்றால், வகுப்பிலோ ஒரு பயிற்சியிலோ அந்தப் படத்தைக் கையில் கொடுத்து, "இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது, எழுது" என்று சொல்லும்போது. பெரும்பாலானவர்கள் இரண்டு வாக்கியங்களில் நின்றுவிடுகிறார்கள்: ஒன்று, இயற்கையின் அழகு, இன்னொன்று, எதுவும் நிலையில்லை. இரண்டும் பொய்யில்லைதான். ஆனால் எந்தப் படத்துக்கும் ஒட்டக்கூடிய வாக்கியம், கையில் இருக்கும் படத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

இந்த மாதிரிப் படங்களை முதல்முறை கொஞ்சம் நின்று பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கலை வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது: அந்த இலை வட்டம் இப்போது எங்கேயும் இல்லை, உங்கள் முன்னால் இருப்பது அதன் போட்டோ. ஒருவர் கையால் ஏதோ செய்தார், அப்புறம் கேமரா ஏதோ செய்தது, அதற்கும் அப்புறம் காற்றும் மழையும் தங்கள் வேலையைச் செய்தன. மூன்றும் வேறு வேறு. நாம் மூன்றையும் ஒன்றாகக் குழைத்துப் பார்ப்பதால்தான் "அழகு" என்பதைத் தாண்டி வாய் திறப்பதில்லை.

முதலில் சுருக்கமாகப் பின்னணி. இதைப் பொதுவாக லேண்ட் ஆர்ட், நிலக்கலை என்பார்கள். 1960களின் கடைசியில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஐரோப்பாவின் வேறு சில நாடுகளிலும் சில கலைஞர்கள் கண்காட்சிக்கூடத்தை விட்டு வெளியே வந்து, நிலத்தையே பொருளாக எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கர்களில் சிலர் லாரியும் மண் தோண்டும் இயந்திரமும் கொண்டு போனார்கள். ராபர்ட் ஸ்மித்சன் 1970இல் யூட்டா மாநிலத்தின் பெரிய உப்பு ஏரியில் 1,500 அடி நீளம், 15 அடி அகலத்தில் கல்லும் மண்ணும் கொட்டி ஒரு சுருள் பாதை போட்டார். அது இன்னமும் இருக்கிறது. ஏரி நீர் ஏறியபோது பல வருஷம் மூழ்கிக் கிடந்து, 2000களின் தொடக்கத்தில் மறுபடி வெளியே வந்தது. நாம் பேசப்போவது இந்த ராட்சத வகையை அல்ல. கையும் காலும் மட்டும் வைத்து, அங்கேயே கிடைப்பதை எடுத்து, அங்கேயே செய்து, அங்கேயே விட்டுவிட்டு வரும் வகை.

இந்த வகையில் அதிகம் தெரிந்த பெயர் ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி. 1956இல் இங்கிலாந்தில் பிறந்தவர், சின்ன வயதில் பண்ணைகளில் வேலை செய்தவர், 1980களிலிருந்து ஸ்காட்லாந்தில் பென்பாண்ட் என்ற கிராமத்தில் இருக்கிறார். அந்தப் பண்ணை வேலையை ஏதோ வாழ்க்கைக் குறிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். கல்லை எடுத்து அடுக்குவது, கொம்பை ஒடித்துக் குத்துவது, ஒரே காரியத்தை நாள் முழுக்கச் செய்வது என்று அவர் படங்களில் தெரியும் கைப்பழக்கத்தின் மூலம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். இலைகளைச் சேர்த்துப் பிடிக்கப் பசைக்குப் பதில் முள். பனிக்கட்டித் துண்டுகளை ஒட்ட, நுனியைத் தண்ணீரில் நனைத்து, உறையும் வரை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார். இது தெரிந்தபின் அவருடைய பனிக்கட்டிப் படம் ஒன்றைப் பாருங்கள். வளைவு அழகாக இருக்கிறது என்பது போய், ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு கை விறைத்துப்போய் நின்றது தெரியும்.

அவருடைய ஒரு படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தரையில் ஒரு குழி. அதைச் சுற்றி ரோவன் மரத்தின் இலைகள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் துளித்துளியாக மாறிக்கொண்டே போகிறது. நடுவில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம். 1987 அக்டோபரில், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் சிற்பப் பூங்காவில் செய்தது. முதலில் பார்ப்பவர்கள் பலர் நடுவில் இருப்பது கறுப்பு பெயிண்ட் என்றோ கறுப்புத் தட்டு என்றோதான் நினைப்பார்கள். இல்லை, அது வெறும் ஆழம். வெளிச்சம் உள்ளே எட்டவில்லை, அவ்வளவுதான். நேரில் நின்றிருந்தால் ஒரு நொடியில் குழி என்று தெரிந்திருக்கும், தலையை இப்படி அப்படி அசைத்தாலே போதும். போட்டோவில் தலையை அசைத்துப் பயனில்லை. ஆக, அந்தக் கறுப்பின் மர்மத்தில் பாதி குழியுடையது, பாதி கேமராவுடையது. இதைக் கவனித்து எழுதினாலே உங்கள் பதில் "அழகு"க்கு வெகுதூரம் தள்ளி வந்துவிடும்.

அடுத்து நிறம். ரோவன் இலை ஒரு காம்பில் வரிசையாகப் பல சிற்றிலைகள் வைத்தது, ஒவ்வொன்றும் விரல் நீளம்கூட வராது. இலையுதிர் காலத்தில் எல்லா இலையும் ஒரே நாளில் நிறம் மாறுவதில்லை. ஒன்று மஞ்சளில் இருக்கும்போது இன்னொன்று சிவந்திருக்கும். நிறம் படிப்படியாக மாறுகிற ஒரு வட்டம் வேண்டுமென்றால் ஒருவர் குனிந்து பொறுக்கி, நிறம் பார்த்துக் குவியல் குவியலாகப் பிரித்திருக்க வேண்டும். படத்தில் அந்தப் பொறுக்கலும் பிரித்தலும் இல்லை, முடிவு மட்டும்தான் இருக்கிறது. படத்தைப் பார்த்து எழுதும்போது நான் சொல்லும் முதல் பயிற்சி இதுதான்: பின்னோக்கிச் செய்து பாருங்கள். கடைசி இலைக்கு முன் என்ன, அதற்கு முன் என்ன, முதல் இலையை எங்கே வைத்திருப்பார், வெளியிலிருந்து உள்ளே வந்தாரா, உள்ளிருந்து வெளியே போனாரா?

அப்புறம் படக்குறிப்பு. இதை யாரும் படிப்பதே இல்லை. கோல்ட்ஸ்வொர்தி தன் படங்களுக்கு வைக்கும் குறிப்பு பெயர் மாதிரி இருக்காது, டைரி மாதிரி இருக்கும்: என்ன பொருள், எப்படிச் செய்தது, அன்றைக்கு வானிலை எப்படி, எந்த இடம், என்ன தேதி. இந்த ரோவன் படத்தின் குறிப்பில் ஒரு செய்தி இருக்கிறது. கடைசிச் சில இலைகளைச் சேர்த்துக்கொண்டிருந்த நேரம், ஏறக்குறைய முடிந்துவிட்ட நேரம், ஒரு நாய் ஓடிவந்து குழிக்குள் விழுந்திருக்கிறது. மனிதர் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். இது தெரிந்தபின் அந்தப் படம் மாறிவிடுகிறது, இல்லையா? அதுவரை தியானம் மாதிரித் தெரிந்தது, இப்போது பூங்காவில் நாய் நடமாடும் ஒரு சாதாரண நாளாகத் தெரிகிறது. எங்கேயோ மனிதக் காலே படாத காட்டில் செய்தது போல ஒரு தோற்றத்தைத் தருவது ஃபிரேம்தான். பூங்காவின் நடைபாதையை, நாய்க்காரரை, மற்றவர்களை எல்லாம் அது வெட்டி எறிந்துவிட்டது. கோல்ட்ஸ்வொர்தி அதை ஒளிக்கவில்லை, குறிப்பில் அவரே எழுதிவைத்திருக்கிறார். படத்தை மட்டும் பகிர்ந்து குறிப்பை வெட்டிவிடுகிற நாம்தான் ஒளிக்கிறோம்.

ஃபிரேம் எதை வெட்டுகிறது என்பதைப் போலவே, கேமரா எங்கிருந்து பார்க்கிறது என்பதும் முக்கியம். பிரான்சின் லெஸ் ஆர்க் பனிச்சறுக்குப் பகுதியில் சைமன் பெக் என்பவர், பனியில் கால் புதையாமல் நடக்க உதவும் அகலமான சட்டத்தைக் காலில் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நடந்து, பனிவெளியில் பிரம்மாண்டமான வடிவங்களை மிதித்தே வரைகிறார். கீழே, அந்தப் பனியிலேயே நின்று பார்த்தால் மிதிபட்ட பனிதான் தெரியும். உயரத்திலிருந்து எடுத்தால்தான் அது நட்சத்திரம். ஆக, நட்சத்திரத்தைப் பார்த்து வியக்கிறவர் அவர் நடந்த இடத்தில் நிற்கவில்லை, கேமரா நிற்கிற இடத்தில் நிற்கிறார். நடந்தவருக்கே நடந்துகொண்டிருக்கும்போது அந்தக் காட்சி கிடையாது.

இன்னும் ஒரு படி மேலே போகும் ஒரு சங்கதி உண்டு, எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்தது அதுதான். மழை தொடங்கும் நேரம் பார்த்து கோல்ட்ஸ்வொர்தி காய்ந்த தரையிலோ பாறையிலோ கையைக் காலை விரித்து மல்லாந்து படுத்துக்கொள்வார். மழை அவரைச் சுற்றிலும் தரையை நனைக்கும், அவரையும் நனைக்கும். சுற்றிலும் தரை நன்றாகக் கறுத்தபின் எழுந்துவிடுவார். படுத்திருந்த இடம் மட்டும் காய்ந்து, வெளிறிய மனித உருவமாக நிற்கும். மழை பெய்துகொண்டுதானே இருக்கிறது, அந்த உருவத்தின் மேலும் புள்ளி புள்ளியாக விழத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் காணாமல் போய்விடும். மழை நிழல் என்று இவற்றைச் சொல்வார்கள். 1984 வாக்கில் தொடங்கி இன்று வரை செய்துவருகிறார், நியூயார்க்கின் நடைபாதையில்கூடப் படுத்திருக்கிறார். இதில் கேமராவுக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்று யோசியுங்கள். தாமதித்தால் படம் இல்லை. இலை வட்டம் என்றால் ஒருவேளை அன்று மாலை அந்தப் பக்கம் வந்த யாராவது பார்த்திருக்கலாம். மழை நிழலுக்கு, பக்கத்தில் ஆளில்லை என்றால், போட்டோ ஒன்றே சாட்சி. இந்த மாதிரிப் படத்தைப் பார்க்கும்போது அந்த வெளிறிய உருவத்தின் ஓரத்தைக் கவனியுங்கள். ஓரம் கத்தி மாதிரிக் கூர்மையாக இருந்தால் எழுந்தவுடன் எடுத்தது. உள்ளே கரும்புள்ளிகள் விழுந்திருந்தால் அழிவு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. படத்துக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது.

நம்மூர் ஆட்களுக்கு இங்கே உடனே கோலம் ஞாபகம் வரும். வரட்டும், ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம் என்பேன். "இது மேலைநாட்டுக் கோலம்தான்" என்று எழுதி முடித்துவிடுகிற பதில்களை நிறையப் பார்க்கலாம். கோலம் வாசலில் இருக்கிறது, தெருவே பார்க்கிறது, மிதிக்கிறது, எறும்பு தின்கிறது, நாளைக்கு வேறொன்று வரப்போகிறது. அதற்கு போட்டோ தேவையே இல்லை. காட்டில் தனியாகச் செய்யும் இந்தக் கலையில் போட்டோ இல்லாவிட்டால் செய்தவரைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. ஒற்றுமையைச் சொல்லிவிட்டு இந்த வித்தியாசத்தையும் சொன்னால்தான் ஒப்பீட்டுக்கு வேலை இருக்கிறது.

எல்லாப் படமும் இலையும் அமைதியுமாக இருக்காது என்பதற்கு ஆனா மெண்டியெட்டாவைப் பார்க்க வேண்டும். 1948இல் கியூபாவில் பிறந்தவர். 1961இல், பெற்றோர் இல்லாமல் பிள்ளைகளை மட்டும் அமெரிக்காவுக்கு அனுப்பிய ஒரு பெரிய திட்டத்தில், பன்னிரண்டு வயதில் அக்காவோடு அனுப்பப்பட்டு, அயோவா மாநிலத்தில் அநாதை விடுதிகளிலும் வளர்ப்புக் குடும்பங்களிலும் வளர்ந்தார். 1973 தொடங்கி அந்தப் பத்தாண்டு முழுக்க, அயோவாவிலும் மெக்சிகோவிலும், தன் உடலின் உருவத்தைத் தரையில் பதித்துக்கொண்டே இருந்தார். மண்ணில், புல்லில், பூவில், நெருப்பில், வெடிமருந்தில். ஆரம்பத்தில் அவரே படுத்திருப்பார், போகப்போக உருவம் மட்டும். 1976இல் மெக்சிகோக் கடற்கரையில் மணலில் ஓர் உடல் அளவுக்குப் பள்ளம் செய்து சிவப்புப் பொடி நிரப்பினார். அலை வருகிறது, சிவப்பு கரைகிறது, அடுத்த அலை, இன்னும் கொஞ்சம். அவர் ஒரு படத்தோடு நிறுத்தவில்லை, கரையக் கரைய வரிசையாக எடுத்தார். இந்த வரிசையைப் பார்த்துவிட்டு "எதுவும் நிலையில்லை" என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். ஊரை விட்டுப் பிடுங்கப்பட்ட ஒரு பெண் தன் உடம்பை வேறொரு மண்ணில் நட்டுப் பார்க்கிறார், கடல் அதை எடுத்துக்கொண்டு போகிறது. இங்கே அழிவைப் பார்த்து அமைதி கொள்ள என்ன இருக்கிறது? ஒரே மாதிரி வேலைதான், தரையில் பதிந்த உடலுருவம் அழிவது: கோல்ட்ஸ்வொர்தியின் மழை நிழலில் அது விளையாட்டு, இங்கே இழப்பு. யார் செய்தார், ஏன் செய்தார் என்பதைத் தேடிப் பார்க்காமல் படத்தை மட்டும் வைத்து உணர்ச்சிவசப்படுவதன் ஆபத்து இதுதான்.

சரி, எழுதுவது எப்படி? ஒரு மாதிரி காட்டுகிறேன். படம்: ரிச்சர்ட் லாங் 1967இல் எடுத்தது. அப்போது அவர் லண்டனில் ஓவியக் கல்லூரி மாணவர். வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறி ஊரைத் தாண்டிப் போய், ஒரு வயல்வெளியில் இறங்கி, ஒரே நேர்கோட்டில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டே இருந்தார். புல் படிந்து, அதில் வெயில் பட்டு, கோடாகத் தெரியும் வரை. ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. இதற்கு "எளிமையின் உச்சம்" என்று எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"முதலில் எரிச்சல்தான் வந்தது, இதெல்லாம் கலையா என்று. புல்லில் ஒரு கோடு. பிறகு அந்தக் கோட்டில் ஆள் இல்லை என்பது உறுத்தியது. இவ்வளவு நடந்தவர் எங்கே? கேமராவுக்குப் பின்னால் நிற்கிறார், அதாவது நான் நிற்கும் இடத்தில். கோடு என் காலடியிலிருந்து தொடங்கி மரங்களை நோக்கிப் போவது போல இருப்பதால், நடக்கச் சொல்கிற மாதிரி இருக்கிறது. வெயில் இந்தக் கோணத்தில் விழாமல் இருந்தால் இந்தக் கோடே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். வெயிலும் சேர்ந்துதான் வரைந்திருக்கிறது. எத்தனை முறை நடந்தார் என்று படம் சொல்லவில்லை, அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் வயலுக்குக் குறுக்கே இப்படிக் கோடு நிறைய உண்டு, ஆனால் அவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும். இது எங்கும் போகவில்லை. அதுதான் விசித்திரம்."

பாருங்கள், இதில் ஒரு கலைச்சொல்கூட இல்லை. எரிச்சலும் ஏமாற்றமும் இருக்கிறது. "எனக்குப் பிடிக்கவில்லை" என்று தொடங்குவது தாராளமாகச் செய்யலாம், ஏன் பிடிக்கவில்லை என்று படத்தில் விரலை வைத்துக் காட்ட முடிந்தால். இந்த வகைப் படங்களைப் பற்றி எழுதும்போது எல்லோரும் சாமி கும்பிடுகிற குரலுக்கு மாறிவிடுவது எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

போட்டோவில் தெரியாத நேரத்தைப் பார்க்க ஆசை இருந்தால், 2001இல் ஜெர்மன் இயக்குநர் தாமஸ் ரீடல்ஷைமர் கோல்ட்ஸ்வொர்தியைப் பற்றி எடுத்த 'ரிவர்ஸ் அண்ட் டைட்ஸ்' என்ற ஆவணப்படம் உண்டு. கனடாவின் நோவா ஸ்கோஷியா கடற்கரையில் கடல் ஏறுவதற்குள் தட்டைக் கற்களை அடுக்கி முட்டை வடிவில் ஒன்று கட்டப் பார்க்கிறார், அது சரிகிறது, மறுபடி கட்டுகிறார், மறுபடி சரிகிறது. அந்த முகத்தைப் பார்த்தால், முடிந்த வேலையின் பளபளப்பான போட்டோவை இனி அதே கண்ணால் பார்க்க முடியாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். இப்போது சுற்றும் படங்களில் பாதிக்குச் செய்தவர் பெயரே இருப்பதில்லை, சிலவற்றை யாரும் செய்யவே இல்லை, கணினி உருவாக்கியது. எழுதுவதற்கு முன் பெயர், இடம், வருஷம் மூன்றையும் தேடுங்கள். மூன்றும் கிடைக்காத படத்தைப் பற்றி எழுத நேர்ந்தால், கிடைக்கவில்லை என்பதையும் பதிலில் சேருங்கள். கையால் செய்ததா என்ற கேள்விதான் இந்தக் கலையின் அடிப்படையே.

இதையெல்லாம் படித்துவிட்டு நாமும் செய்து பார்க்கலாமே என்று தோன்றும். தோன்ற வேண்டும், ஒருமுறை இலை அடுக்கிப் பார்த்தவர் அடுத்த படத்தைப் பார்க்கும் விதமே வேறு. ஆனால் ஓடையில் கிடக்கும் கற்களைப் பெயர்த்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். இந்தப் படங்கள் பரவியபின் அமெரிக்காவின் பல தேசியப் பூங்காக்களிலும் காடுகளிலும் அதுவே தொல்லையாகிவிட்டது. மலைப்பாதையில் வழிகாட்டக் கற்குவியல் வைத்திருக்கும் இடங்களில், விளையாட்டுக்கு அடுக்கிய குவியல் நடப்பவர்களை வழி தப்ப வைக்கிறது. வட கரோலினா பக்கத்து ஓடைகளில் ஹெல்பெண்டர் என்ற பெரிய சாலமாண்டர் (பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும் நீர்வாழ் உயிர்) பெரிய கற்களுக்கு அடியில்தான் வாழ்கிறது, அங்கேயேதான் முட்டையிடுகிறது. கல்லைத் தூக்கினால் வீடு போயிற்று. அதனால் கல்லைத் தொடாதீர்கள் என்று அங்கே கேட்டுக்கொள்கிறார்கள். நம் ஓடைகளிலும் கல்லுக்கு அடியில் மீனும் நண்டும் பூச்சியும் இருக்கத்தான் செய்கின்றன. உதிர்ந்த இலை, விழுந்த பூ, ஈர மணல், இவை போதும். உயிரோடு இருக்கும் கிளையிலிருந்து பறிக்க வேண்டியதில்லை. செய்து முடித்ததும் ஒரு படம் நெருக்கமாக, ஒரு படம் சுற்றுப்புறம் தெரியும்படி எட்ட நின்று, ஒரு படம் மறுநாள் போய் எடுங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எதை மற்றவர்களுக்குக் காட்டுவீர்கள் என்று முடிவு செய்யுங்கள்.